பங்குச் சுவாமியின் கையெழுத்து

அன்றைக்கு அந்த வானில் இருந்தவர்கள் ஆறு பேர். ஓட்டியது மாமா. அவருக்குப் பக்கத்தில், மடியில் ரோட்டுப் புத்தகத்தை விரித்தபடி அப்பா. நடுச் சீற்றில் அம்மாவும் மாமியும், இருவருக்கும் இடையில் நாலு வயதுத் தம்பி. பின் சீற்றில் நான். என்னோடு சாப்பாட்டுப் பெட்டியும் ஒரு செம்மஞ்சள் பிளாஸ்க்கும். வேறு யாரும் இல்லை. எங்கள் சொந்தக்காரர் இரண்டு பேர் தாங்களும் அந்தப் பயணத்துக்கு வந்ததாக இப்போது கலியாண வீடுகளில் சொல்லுகிறார்கள். வரவில்லை. நான் எண்ணினேன். எங்கே போனாலும் ஆட்களை எண்ணிப் பார்ப்பது அந்த வயதிலேயே எனக்கு ஒரு வியாதி.

ஜெர்மனியிலிருந்தும் ஒல்லாந்திலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் சின்ன வயதில் லண்டனுக்கு மாறி வந்த என் வயதுக்காரருக்காக இதை எழுதுகிறேன். நாற்பதை நோக்கிப் போகிறோம். படி ஏறினால் முழங்கால் சத்தம் போடுகிறது. உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. வந்து ஆறு மாதத்தில் இங்கிலீஷைப் பிடித்துக்கொண்டோம். அதோடு டொக்டர், பாங்க், கவுன்சில், வீட்டுக்காரன் என்று எல்லோருக்கும் முன்னால் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். பெரியவர்கள் பின்னால் நின்று எங்கள் தோளில் கை வைத்திருப்பார்கள். அந்தக் கையின் பாரம் எனக்கு இன்னும் இருக்கிறது.

வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், அல்லாதவர்களுக்கு ஒரு சொல்லை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர் நாங்கள். ஒரு கோவிலைச் சேர்ந்த ஊரையும் சனத்தையும் பங்கு என்போம். அதைப் பார்க்கிற குருவானவர் பங்குச் சுவாமி. செலவைப் பிரித்து ஆளுக்கு இவ்வளவு என்று போட்டால் அதுவும் பங்குதான்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். தெற்கு லண்டனில், நோர்பரியில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறையில் இருந்தோம். கீழே கோழி பொரிக்கிற கடை. என்னுடைய பள்ளிக்கூட உடுப்பு, புத்தகம், தலைமயிர் எல்லாம் அந்த எண்ணெய் மணக்கும். நான் சின்னப் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தேன். பெரிய பள்ளிக்கூடத்துக்கு எழுதிப் போட வேண்டிய இலையுதிர் காலம் அது. அப்பாவுக்கு ஒரே ஒரு பள்ளிக்கூடம்தான் கண்ணில் இருந்தது: கத்தோலிக்கப் பெண்கள் படிக்கிற, கடும் பச்சைக் கோட்டுப் போட்ட பள்ளிக்கூடம். அவர் அதைப் பெயர் சொல்லிச் சொன்னதே இல்லை. கொன்வென்ட் என்பார். ஊரில் அவருடைய அக்கா கொன்வென்டில் படித்தவ. அந்த அக்கா வீட்டில் பேசிய விதம், சோற்றைப் பரிமாறிய விதம்கூட வேறு மாதிரி இருந்ததாம்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் போர்மில் பின்பக்கம் ஒரு பெட்டி இருந்தது. இந்தக் குடும்பம் மூன்று வருடமாகக் கிழமைதோறும் பூசைக்கு வருகிறது என்று பங்குச் சுவாமி எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். அப்பாவுக்கு ஞாயிறு காலையில் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட். நாங்கள் மாதத்தில் ஒருநாள் பஸ் மாறி மோர்டன் பக்கம் நடக்கிற தமிழ்ப் பூசைக்குப் போவோம், அவ்வளவுதான். வீட்டுக்குக் கிட்ட இருந்த கோவிலின் வெள்ளைக்காரச் சுவாமி குடும்பத்துக்கு ஒரு நம்பர் போட்டுக் காணிக்கை உறை கொடுக்கிற புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, உங்களுக்கு நம்பரே இல்லையே என்றார். தமிழ்ச் சுவாமி ஊரிலிருந்து வந்து இரண்டு மாதம். மூன்று வருடமாகத் தெரியும் என்று நான் எப்படி எழுதுவது என்று கேட்டார். இரண்டு பேரும் உள்ளதைத்தான் சொன்னார்கள். இரண்டு தடவையும் மொழிபெயர்த்தது நான். அதனால் அப்பா என்னைத்தான் முறைத்துப் பார்த்தார்.

அப்போதுதான் மாமா வந்தார். அவர் சொந்த மாமா இல்லை. அப்பாவும் அவரும் ஜெர்மனியில் அகதி முகாமில் ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தவர்கள். எங்களுக்கு முதல் லண்டனுக்கு வந்து, எங்களையும் வரச் சொன்னவர் அவர்தான். வீடு பிடித்துத் தந்தார், அப்பாவை வேலையில் சேர்த்துவிட்டார், எனக்குப் பல்லு வைத்தியரைக்கூட அவர்தான் காட்டினார். எதைச் சொன்னாலும் கடைசியில் "நான் சொல்லுறன், நடக்கும்" என்பார். அதுவரைக்கும் நடந்தும் இருந்தது.

வெளியூர் ரெஸ்ரோறன்டுகளுக்கு உறைந்த மீன் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவருக்கு. போகிற வழியில் ஒரு குட்டிக் கிராமமாம். இருபது வீடு, ஒரு கோவில். கோவில் மட்டும் ஆயிரம் வருடம் பழசாம்.

"ஆறு கிழவன் கிழவிதான் பூசைக்கு வருகினம். அந்தப் பங்குச் சுவாமி ஆள் இல்லாமல் தவிச்சுக்கொண்டிருப்பார். நாங்கள் குடும்பமாப் போய் நிண்டால் கையெழுத்து என்ன, சீலும் குத்தித் தருவார்" என்றார் மாமா.

அது எங்கடை கோவில்தானா என்று அம்மா கேட்டா.

"வாசல்ல இராயப்பர் கோவில் எண்டு பெரிசா எழுதிக் கிடக்கு. முதல் பாப்பரசர் அவர், வேறை ஆற்றை கோவிலில போய் நிப்பார்?"

மாமா யாரோ ஒருவரிடம் ஏழு சீற் வான் ஒருநாள் வாடகைக்குப் பேசினார். வாடகையும் பெற்றோலும் மாமா முதலில் கட்டுவது, பிறகு இரண்டு வீடும் பாதி பாதி. அப்பா ஷிப்ட்டை மாற்றிக் கேட்டு, இதுதான் கடைசித் தரம் என்று முதலாளியிடம் பேச்சு வாங்கினார். அதையும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் இரவு நான் நித்திரை கொள்ளவில்லை. வான் நின்றுவிட்டால்? தம்பி சத்தி எடுத்தால்? சுவாமி ஏதும் கேட்டு எனக்கு அந்தச் சொல்லுத் தெரியாவிட்டால்? காலையில் ஆறு பிளாஸ்ரிக் பைகளை மடித்து ஜக்கெற்றுக்குள் வைத்தேன். தம்பி சத்தி எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன், இரண்டு தரம்.

அந்த ஊர் ஒரு பள்ளத்துக்குள் இருந்தது. வான் கதவைத் திறந்தவுடன் ஈர இலையும் மாட்டுச் சாணமும் மணந்தன. சத்தமே இல்லை. மாமி இறங்கி நின்று, இங்கே செத்தால்கூடத் தகவல் போகாது என்றா. கோவில் சின்னதுதான். சுவர் கருங்கல், கூரையில் பாசி, முன்னால் கல்லறைகள் சரிந்து நின்றன. ஒரே பெயர்க் குடும்பத்தில் நாலு குழந்தைகள் வரிசையாகக் கிடந்தார்கள். அம்மா அவர்களுக்கு ஒவ்வொருவராகச் சிலுவை போட்டா.

கதவில் கடதாசி ஒட்டியிருந்தது: இன்று ஆராதனை பின்னேரம் மூன்று மணி. நாங்கள் பதினொன்றுக்கே வந்துவிட்டோம். அப்பாவின் முகம் விழுந்தது. மாமா அசரவில்லை. வந்த இடத்தில் பார்க்கிறதைப் பார்ப்போம் என்று எங்களை நடத்திக்கொண்டு போனார்.

முதலில் கோட்டை. புல்லு முளைத்த ஒரு மேடு, மேலே ஒரு மூலைச் சுவர், அதில் இரண்டு ஆடு. அப்பா சுற்றிப் பார்த்து, கோட்டை எங்கை என்று கேட்டார். இதுதான் என்றார் மாமா.

"இதுக்கு எங்கடை மன்னார்க் கோட்டை எவ்வளவோ திறம்" என்றார் அப்பா. அன்றைக்கு அவர் முதல் தடவை சிரித்தது அதற்குத்தான்.

பிறகு வயலுக்கு நடுவில் இடிந்த மடம். கூரை இல்லாத பெரிய பெரிய வளைவுகள், அவற்றுக்கு ஊடாக வானம். விழுந்த கல்லில் இருந்து சாப்பிட்டோம்: பாணுக்குள் சீனிச்சம்பல், மீன் கட்லட், பிளாஸ்க்கில் இஞ்சி போட்ட தேத்தண்ணி. அந்த பிளாஸ்க் அம்மா ஜெர்மனியில் வாங்கிய முதல் சாமான். அதைப் பிள்ளையைப் போல ஒரு பழைய துவாயில் சுற்றித்தான் வைத்திருப்பா.

பக்கத்தில் ஒரு தகவல் பலகை இருந்தது. என்னவாம் என்று மாமா கேட்டார். நான் வாசித்தேன். பல நூறு வருடத்துக்கு முதல் ஒரு ராசா, பாப்பரசரோடு கோவித்துக்கொண்டு, இங்கே இருந்த துறவிகளைக் கலைத்து, கூரையில் கிடந்த ஈயத்தைக்கூடக் கழற்றி விற்றுவிட்டாராம்.

"ராசா சாமிமாரைக் கலைச்சுப் போட்டாராம்" என்றேன்.

"பாவங்கள். அப்ப அவையும் எங்களை மாதிரி அகதிதான்" என்றார் மாமா. மாமிக்குத் தேத்தண்ணி புரையேறியது.

பலகையில் இன்னும் ஒரு வரி இருந்தது. அன்றிலிருந்து ஊர்க் கோவிலும் ராசாவின் சபைக்குப் போய்விட்டதாம். அதை நான் சத்தமாக வாசிக்கவில்லை. சரியாக விளங்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் யாரும் இன்னும் ஏதும் கேட்க முதல் அந்தப் பலகையை விட்டு விலகி வந்துவிட்டேன்.

மூன்று மணிக்குக் கோவில் திறந்திருந்தது. உள்ளே குளிர், ஈரச் சுண்ணாம்பு, பழைய புத்தகம், ஒரு காஸ் ஹீற்றர். முழங்காலில் நிற்க ஆளுக்கொரு குட்டி மெத்தை, ஒவ்வொன்றிலும் கம்பளி நூலால் ஒரு மிருகம் பின்னியிருந்தார்கள். எனக்கு முயல் வந்தது. அந்த முயலின் ஒரு காது பிரிந்திருந்ததை இப்போதும் காண்கிறேன். மாமா சொன்னது சரிதான், கிழவன் கிழவிகள் ஆறு பேர், ஒரு நாய். எல்லோரும் திரும்பி எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள். நாங்கள் இருந்தவுடன் கோவிலின் சனம் இரண்டு மடங்காகிவிட்டது.

அம்மா கண்ணால் மாதாவைத் தேடினா. ஒரு சுவரில் சொரூபம் வைக்கிற மாடம் இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை.

"மாதாவை வர்ணம் பூசக் கொண்டு போயிருப்பினம். திருவிழா கிட்ட வருது போல" என்று மாமியின் காதில் சொன்னா. மாமி ஓம் என்றா. அந்த மாடம் வெறுமையாகக் கிடந்து எத்தனை நூறு வருடம் என்று இரண்டு பேருக்கும் எப்படித் தெரியும்?

ஆராதனை நடத்தியது ஒரு பெண். கறுப்பு நீள அங்கி, அதன் மேல் வெள்ளை, கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வை. எங்கள் சபையில் பெண்கள் சுவாமியாக முடியாது, ஆனாலும் எங்கள் ஆட்களுக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. ஊரில் சண்டைக் காலத்தில் சுவாமி வர ஏலாத ஞாயிறுகளில் சிஸ்டர் ஒருவர் வந்து செபம் சொல்லி வாசகம் வாசித்துவிட்டுப் போவா. சுவாமி இல்லாதபடியால் அப்பம் தருகிற நற்கருணை இருக்காது. இங்கேயும் அன்றைக்கு நற்கருணை இல்லை. "சுவாமிக்கு வேறை அலுவல் போல. சிஸ்டர் நடத்துறா" என்று மாமா திரும்பிச் சொன்னார். எல்லாம் பொருந்தி வந்துவிட்டது.

முடிந்தவுடன் ஒரு கிழவி கேக் வெட்டித் தந்தா. அம்மா மிச்சத் தேத்தண்ணியை அவர்களுக்கு ஊற்றிக் கொடுத்தா. நாய்க்குக் கட்லட் கிடைத்தது. எல்லோரும் சந்தோஷமாக நின்ற அந்த நேரம் பார்த்து அப்பா போர்மை என் கையில் தந்து, தோளில் கையை வைத்துத் தள்ளினார்.

ஆராதனை நடத்திய அந்த அம்மா என்னைப் பக்கத்தில் இருத்தி, கண்ணாடியைப் போட்டு, வாசிக்கச் சால்வையைக் கொஞ்சம் தளர்த்தினா. கழுத்தில் வெள்ளைப் பட்டி. சுவாமிமார் போடுகிற பட்டி. பார்த்தேன். அந்த நிமிடத்தில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

அவ அவசரப்படாமல், நான் குழந்தை என்பதற்காக ஒவ்வொரு சொல்லாகச் சொன்னா. நான் பாதிரியார்தான், ஆனால் இந்தப் பள்ளிக்கூடம் கேட்கிற பாதிரியார் இல்லை. நாங்கள் வேறு சபை. நான் கையெழுத்து வைத்தால் உங்களுக்கு உதவாது, கெடுக்கவும் கூடும். இதை அப்பாவுக்குச் சொல்லுவாயா?

திரும்பிப் பார்த்தேன். அப்பா கம்பளித் தொப்பியைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றார். பெற்றோல் ஷெட் முதலாளிக்கு முன்னாலும் அவர் அப்படித்தான் நிற்பார். அவருக்குப் பின்னால் மாமா, முகம் முழுக்கச் சிரிப்போடு. சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்தது. இந்தக் கோவிலுக்குள், இந்தச் சனத்துக்கு முன்னால், அப்பா மாமாவைப் பார்க்கப் போகிற பார்வை தெரிந்தது. போன ஷிப்ட்டும், வானும், திரும்பிப் போகிற மூன்று மணி நேரப் பேசாத பயணமும் தெரிந்தன.

"என்னவாம் பிள்ளை?" என்றார் அப்பா.

"எழுதித் தாறாவாம்" என்றேன்.

அந்த அம்மாவுக்குத் திரும்பி, அப்பாவுக்கு விளங்கிவிட்டது, எண்டாலும் எழுதித் தரட்டாம் என்று இங்கிலீஷில் சொன்னேன். அவ கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தா. நம்பவில்லை என்று இப்போது நினைக்கிறேன். சரி, உண்மையானதை எழுதுகிறேன் என்று நீல மையால் அந்தப் பெட்டிக்குள் நாலு வரி எழுதினா. இந்தக் குடும்பம் இன்று எங்களோடு செபித்தது, தங்கள் தேத்தண்ணியை எங்களோடு பகிர்ந்தது, இவர்களை மறுபடி காண விரும்புகிறேன். கீழே கையெழுத்து. அப்பாவுக்குக் கூட்டெழுத்து வாசிக்க வராது.

அதோடு முடிந்திருந்தால்கூட இவ்வளவு உறுத்தாது. அவ ஒரு துண்டில் தன் ரெலிபோன் நம்பரை எழுதி என் கையில் வைத்தா. உங்கள் வீட்டுக்குக் கிட்ட இருக்கிற கத்தோலிக்கச் சுவாமியோடு என்னால் பேச ஏலும். அப்பாவை என்னோடு கதைக்கச் சொல்லு, நானே அவருக்குப் போன் பண்ணி உங்களைப் பற்றிச் சொல்லுகிறேன் என்றா. உண்மையான உதவி அதுதான். ஆனால் அதை மொழிபெயர்க்க வேண்டுமென்றால், ஒரு நிமிடத்துக்கு முதல் சொன்ன பொய்யை முதலில் திருப்பி எடுக்க வேண்டும். துண்டை ஜக்கெற்றுக்குள், மிஞ்சிய பிளாஸ்ரிக் பைகளோடு வைத்தேன். அடுத்த சனிக்கிழமை அம்மா ஜக்கெற்றைத் தோய்த்தா. வெள்ளைத் துகளாகத்தான் வெளியே வந்தது.

திரும்பி வரும்போது அப்பா நல்ல கலகலப்பு. வழியில் நிறுத்தி, அந்தக் குளிரில் எல்லோருக்கும் ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார். பாதி வழியில்தான் அம்மா பிளாஸ்க்கைக் கோவிலில் விட்டுவிட்டதைக் கண்டா. திருப்பவா என்று மாமா கேட்டார்.

"விடுங்கோ அண்ணை. கையெழுத்து இருக்கு, பிளாஸ்க் போனாப் போகட்டும். எங்கடை பங்கை மாசக் கடைசியில தாறன்" என்றார் அப்பா.

அம்மா அந்த பிளாஸ்க்குக்காகப் பல வருடம் கவலைப்பட்டா. என் பள்ளிக்கூடத்துக்காகக்கூட அவ்வளவு இல்லை.

மாதக் கடைசியில் அப்பாவுக்குக் கை இறுக்கம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று மார்ச் வந்தது, கடிதமும் வந்தது. அதையும் நான்தான் வாசிக்க வேண்டும். இந்த முறை ஒரு சொல் விடாமல் சொன்னேன். இடம் இல்லையாம், கையெழுத்து வைத்தவர் கத்தோலிக்கக் குருவானவர் இல்லையாம், வேறை சபையாம்.

"அவ சிஸ்டர் இல்லையா?" என்று அப்பா கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன்.

அவர் மாமாவுக்குப் போன் எடுத்தார். படியில் இருந்து கேட்டேன். மாமா மறுபக்கத்தில் என்ன சொன்னாரோ. அப்பா கத்தவில்லை, களைத்த குரலில்தான் கதைத்தார். "அண்ணை, நீங்கள் காட்டின பங்குக்கு இந்தப் பங்கு சரியாப் போச்சு. ஒரு சதமும் தரமாட்டன்." போனை வைத்தார். முகாமில் ஒரே சட்டியில் சாப்பிட்ட இரண்டு பேர் அதற்குப் பிறகு கதைக்கவே இல்லை.

நான் கவுன்சில் அனுப்பிய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அது கூடாத பள்ளிக்கூடம் என்று சொல்லமாட்டேன். அங்கே படித்து டொக்டர் ஆனவர்களும் உண்டு. எனக்குச் சோதனை மண்டபத்துக்குள் போனாலே அந்தக் கோவில் குளிர் வந்துவிடும். பதினாறில் விட்டுவிட்டு ஒரு கடையில் காசு வாங்கிப் போடுகிற ரில் அடிக்கப் போனேன், இன்றைக்கும் ரில்தான். பச்சைக் கோட்டுப் போட்டிருந்தால் வேறு மாதிரி ஆகியிருப்பேனா? தெரியாது. அதை யோசித்து யோசித்தே அலுத்துவிட்டது.

இப்போது பார்க்கும்போது ஒன்று விளங்குகிறது. அப்பாவும் அம்மாவும் மாமாவை அதிகம் நம்பியதாக எல்லோரும் சொல்லுவார்கள். இல்லை, அவர்கள் அதிகம் நம்பியது என்னைத்தான். ஒரு சொல் என் வாய்க்குள் போனால் அப்படியே மறுபக்கம் வரும் என்று நினைத்தார்கள். பதினொரு வயதுப் பிள்ளை பயந்தால் என்ன செய்யும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

மாமா மாறிவிட்டார். யாருக்கும் எந்த வழியும் காட்டுவதில்லை. யாராவது கேட்டால், எனக்குத் தெரியாது, தெரிஞ்ச ஆட்களைக் கேளுங்கோ என்பாராம். "நான் சொல்லுறன், நடக்கும்" என்று அவர் சொல்லி அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை என்று மாமியே சொன்னா.

அப்பா செத்தபோது மாமா கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற இடத்திலிருந்து தனியாக ரெயின் எடுத்து வந்திருந்தார். கோவிலில் கடைசி வாங்கில் இருந்தார். எல்லோரும் போன பிறகு என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, நான் தெரியாமச் சொல்லிப் போட்டன். உன்ரை படிப்பைக் கெடுத்தது நான்தான். கொப்பரிட்டை ஒருநாள் வந்து மன்னிப்புக் கேக்க வேணும் எண்டு இருந்தனான்."

சொல்லுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் சொன்னது என்ன தெரியுமா? "பரவாயில்லை மாமா." என்னுடைய பிழைக்கு அவரை நான் மன்னித்துவிட்டு வந்தேன்.

போன வருடத்திலிருந்து காசை ஒரு உறையில் போட்டுக் கைப்பையில் வைத்திருக்கிறேன். இரண்டு தடவை பார்க்கிங் போய், அவருடைய வீடு வரைக்கும் போய், மாமியோடு தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினேன். காசை நீட்டினால் இது எதுக்கு என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அவருக்கும் எழுபத்தைந்து தாண்டிவிட்டது. வான் வாடகையும் பெற்றோலும் சேர்ந்து எண்பத்தைந்து பவுண், முழுதும் அவர்தான் கட்டினார். எங்கள் பங்கு இன்னும் கொடுபடவில்லை: நாற்பத்திரண்டு பவுண் ஐம்பது பென்ஸ்.